மூணாவது ஆள்

பதினோராயிரத்து நானூறு ரூபாய். ஆளுக்கு மூவாயிரத்து எண்ணூறு என்று மூன்று ஆளுக்கு வாங்கிய அட்வான்ஸ். மாரிக்கண்ணன் ஓர் ஆள், அவன் பெண்டாட்டி செல்லக்கனி ஓர் ஆள். மூன்றாவது ஆள் அப்போது அவள் வயிற்றில் இருந்தது, கை கால் முளைத்திருந்ததோ என்னவோ.

"அதுவும் நாளைக்கு நம்ம கம்பெனிக்குத்தான அண்ணாச்சி வரப்போகுது, அதுக்கும் சேத்துக் குடுங்க" என்று மாரிக்கண்ணன் பல்லை இளித்தான். பட்டாசுக் கம்பெனி ஏஜெண்ட் ராஜபாண்டியன் சிரித்தபடி எண்ணிக் கொடுத்தான். "வேலை பாத்துக் கழிக்கணும்லே. மூணு பேரும்."

பிறக்காத பிள்ளையின் பங்கில் மாரிக்கண்ணன் ஒரு செல்போன் வாங்கினான். அவனைக் கூப்பிட ஒரு நாதி கிடையாது. மணியடிக்கிற பாட்டை மாற்றி மாற்றி வைத்து, தானே கேட்டுத் தானே தலையாட்டிக்கொண்டு திரிந்தான். இந்த மனுசனுக்குத்தான் கழுத்தை நீட்டினோம் என்று செல்லக்கனி தினமும் ஒருதரம் நினைத்துக்கொள்வாள்.

இப்போது அவளுக்கு ஒன்பதாம் மாதம். தீபாவளி சீசன். அச்சங்குளத்தில் அவர்களுடைய ஒற்றை அறை வீட்டில் பகலிலும் கதவைத் திறப்பதில்லை. சரவெடியை வீட்டில் வைத்துப் பின்னக்கூடாது. அதிகாரி பார்த்தால் ஆளைக் கொண்டுபோய்விடுவான். அதனால் சன்னலுக்குச் சாக்கு, கதவுக்குத் தாழ்ப்பாள். வெடி கிடக்கிற வீட்டில் விளக்கும் ஆகாது. வெளியே கண்ணைக் குத்தும் உச்சி வெயில்; உள்ளே வெடிமருந்தின் கசந்த நெடியும் வேர்வையும் நேற்றைய குழம்பும் கலந்த இருட்டு. விட்ட மூச்சே திரும்ப மூக்குக்கு வந்தது. சாக்கு ஓட்டையில் நுழைந்த வெயில், அவள் உள்ளங்கை ரேகைகளில் ஏறியிருந்த வெள்ளிப் பொடியில் பட்டு மினுங்கியது. எந்தச் சோப்புக்கும் போகாத பொடி.

மடியில் இடமில்லாததால் வயிற்றின் மேலேயே சரத்தைக் கிடத்திப் பின்னினாள். திரியை இழு, நூலில் மடக்கு, ஒரு திருகு. இழு, மடக்கு, திருகு. கழுத்து வேர்வையைத் துடைக்கக் கையை எடுத்தாள்.

கை நின்றது. உள்ளே நிற்கவில்லை.

இழு. மடக்கு. திருகு. தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே, தோலுக்கு அந்தப் பக்கம், பொறுமையாக.

உதைக்கிறது என்று சொல்லிக்கொண்டாள். உதை இப்படி இருக்காது என்பது அவளுக்குத் தெரியும்.

சாத்தூரில் ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா, படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "தலை மேல இருக்கும்மா. சம்மணம் போட்டு உக்காந்திருக்கு குழந்தை. தொப்புள்கொடியும் முறுக்கிக்கிட்டுத் தெரியுது. திரும்பலைன்னா ஆபரேஷன்தான், விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன். கொடி இறுகினா குழந்தை தங்காது. அசைவு நின்னா அடுத்த பஸ்ஸுக்கு ஓடிவந்துரணும்."

அன்றிலிருந்து ஆளாளுக்கு வைத்தியம். மாமியார் இருளம்மாள் குனிந்து தரை மெழுகச் சொன்னாள், சிமெண்டுத் தரையை. எதிர்வீட்டு முத்துப்பேச்சி, வயிற்றுக்கு மேலே ஈரத்துணியும் கீழே வெந்நீர்ப் பாட்டிலும் வைத்தால் பிள்ளை குளிருக்குப் பயந்து தலையைக் கீழே கொண்டுபோகும் என்றாள். அவள் பெற்றதே ஒன்று. அதுவும் சந்தையில் சீட்டு விளையாடுகிறது. மாரிக்கண்ணன் செல்போனை அவள் அடிவயிற்றில் வைத்துப் பாட்டுப் போட்டான்.

"சத்தம் கேட்டுத் திரும்பும்ல."

"அது என்ன, ஒங்களமாதிரி வேலவெட்டி இல்லாமயா உள்ள உக்காந்துருக்கு?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஊர் நர்ஸ் சொன்னதை மட்டும் செய்தாள். இடுப்புக்குக் கீழே இரண்டு தலையணை, தலை தரையோடு தரையாக. அப்படிக் கிடந்தால் காதில் ரத்தம் ஏறி, வெளியே உள்ள சத்தம் எல்லாம் தூரப்போய், உள்ளே இருப்பது மட்டும் கேட்டது. நனைந்த நூல் நூலோடு உரசுகிற சத்தம். அப்படிக் கிடந்துதான் அவள் அதன் நேரத்தைத் தெரிந்துகொண்டாள். காலையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்ததும் ஆரம்பிக்கும். மதியச் சோற்றுக்கு நிற்கும். பிறகு பொழுது சாயும்வரை.

சனிக்கிழமை சாயங்காலம் ராஜபாண்டியன் சரம் எடுக்க வருவான். பின்னலைக் கண்ணால் பார்க்கமாட்டான். கட்டைவிரலை அதன்மேல் ஓட்டி, நெருக்கம் சரியா என்று தடவிப் பார்ப்பான். பார்த்துவிட்டு, ஏதோ கோயிலில் பிரசாதம் கொடுக்கிறவன்போல, "போதும், கையைக் கழுவுங்க" என்பான். அன்றைக்கு அவன் சொல்லாமல் அந்தத் தெருவில் எவளும் கை கழுவுவதில்லை. அவன் சொன்னதும், இவளுக்கு உள்ளேயும் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை ஓர் அசைவும் இல்லை. டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வந்து, பையில் சேலையை அள்ளித் திணித்தாள். பஸ் இல்லை. மாரிக்கண்ணன் கறிக்கடையில் நின்றான். பகல் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்து அழுதாள். திங்கட்கிழமை வேன் ஹாரன் அடித்தது.

இழு. மடக்கு. திருகு.

ஞாயிறு லீவு. இவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் ராஜபாண்டியனை வாசலிலேயே மறித்தாள். "அண்ணாச்சி, அந்த மூணாவது ஆளை எடுத்துருங்க. அந்தப் பங்குக்கும் சேத்து நான் பாக்கேன்."

"அதெப்படித்தா? ஆளுக்குன்னு குடுத்தது, ஆளுதான கழிக்கணும்."

"வெளிய வராத புள்ளைங்க. ஒங்களுக்கே நல்லாருக்கா?"

"ஒன் வீட்டுக்காரன்ட்டக் கேளு, எம்புட்டு ஆசையா வாங்குனாம்னு." ராஜபாண்டியனுக்குத் தன் பேச்சு தனக்கே பிடித்துப்போய்விட்டது. குனிந்து அவள் வயிற்றிடம் சொன்னான்: "ஏலே, சீசன்லே. ஆர்டர் நிறைய இருக்கு. வெரசாப் பாக்கணும், என்ன?"

மாரிக்கண்ணனும் சேர்ந்து சிரித்தான். இரண்டு கழுதைகள். சிரித்த சிரிப்பில் ராஜபாண்டியன் சரத்தைத் தூக்கி வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். வழக்கமாகச் சொல்வதைச் சொல்லவில்லை.

வண்டிச் சத்தம் தேய்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

உள்ளே நிற்கவில்லை. முன்னைவிட வேகம். சோற்று நேரத்துக்கும் நிற்கவில்லை. படுத்தபோதும் நிற்கவில்லை. ஞாயிறு. நிற்கவில்லை.

"போதும்யா" என்று வயிற்றைத் தடவினாள். "கையைக் கழுவு, சாமி."

இவள் யார் சொல்ல? கூலிக்காரி.

"அண்ணாச்சிக்குப் போன் போடுங்க. வந்து ஒத்த வார்த்தை சொல்லிட்டுப் போகச் சொல்லுங்க."

"போன்ல காசு இல்ல" என்றான் மாரிக்கண்ணன்.

தொப்புள் உள்நோக்கி இழுபட்டது. ஒரு சுண்டு. விட்டது. மறுபடி ஒரு சுண்டு. நூல் தீர்ந்துவருகிறபோது கடைசி முழத்தை நாமே இழுத்துப் பிடிப்போமே, அப்படி. எதைப் பின்னுகிறது? அங்கே நூல் ஏது? திரி ஏது? இருப்பது ஒன்றே ஒன்று.

கொடி.

"ஆஸ்பத்திரிக்கு" என்றாள். "இப்பவே."

கடன் வாங்கி ஆட்டோ பிடித்துப் போனார்கள். விருதுநகரில் முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. நினைவு மட்டும் இருந்தது. முகத்துக்கு முன்னால் பச்சைத் துணி. துணிக்கு அந்தப் பக்கம் கத்திரிகளின் சத்தம், நர்சுகளின் பேச்சு. யாரோ எதற்கோ சிரித்தார்கள். பிறகு டாக்டர், "உக்காந்தபடியேதான் வருது. காலைப் பிடி" என்றார்.

துணிக்கு அந்தப் பக்கம் செருப்புகள் பின்னுக்கு நகர்ந்த சத்தம்.

பிள்ளை அழவில்லை. யாரும் அதை அழவைக்கவும் இல்லை. ஒரு தட்டு கீழே விழுந்து உருண்டு அடங்கியது.

"சார்" என்றாள் ஒரு நர்ஸ். "சார், கொடியைப் பாருங்க."

டாக்டர் தாழ்ந்த குரலில் கேட்டார். "இதை யாரு பின்னுனது?"

கத்திரி ஒருதரம் வெட்டியது. கடினமான எதையோ வெட்டுகிற சத்தம்.

மறுநாள் பகலில் வார்டில் அவள் பக்கத்தில் பிள்ளை கிடந்தது. ஆண். உயிரோடு இருந்தது. சிவப்புத் துண்டால் தாடைவரை சுற்றியிருந்தார்கள். ஆயா சுற்றிக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு அந்தக் கட்டிலுக்கு வரவேயில்லை. இருளம்மாள் வராந்தாவில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். செல்லக்கனி துண்டைப் பிரிக்கவில்லை. துண்டுக்குள் சின்ன மேடு ஒன்று எழுந்து அடங்கி, எழுந்து அடங்கியது.

ராஜபாண்டியன் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தான். பின்னாலேயே மாரிக்கண்ணன், எடுபிடி மாதிரி.

"என்னத்தா, வந்துட்டானா நம்ம ஆளு? ஆம்பளைன்னாக. காட்டு பாப்போம்." கேட்காமலே துண்டை விலக்கினான்.

தொப்புளில் விரல் நீளத்துக்குக் கொடி மிச்சம் இருந்தது. கம்பெனிப் பின்னல். மூன்று புரி, வரிசை பிசகாமல். அடியில் சரத்தை முடிக்கிற அதே இரட்டை முடிச்சு.

ராஜபாண்டியனின் கட்டைவிரல் தானாகப் போனது. பழக்கம். பின்னலின் மேல் ஓடி, நெருக்கம் பார்த்தது. நெருக்கம் சரியாக இருந்தது. அதற்குப் பிறகுதான் எதைத் தொட்டோம் என்று அவனுக்குத் தெரிந்தது. கையை எடுத்தான். விரலில் வெள்ளிப் பொடி.

முகம் சாம்பலாகிவிட்டது. இம்புட்டுத்தான் இவன் என்று செல்லக்கனி பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

"கழிஞ்சிருச்சு தாயி" என்றான், வாய் குழறி. "அம்புட்டும் கழிஞ்சிருச்சு. மூணு பேருதும். எனக்கு ஒண்ணும் தர வேண்டாம்." பின்பக்கமாகவே நடந்து, கட்டிலில் இடித்து, வாசலைப் பிடித்தான். ஆரஞ்சுகள் உருண்டன.

"அண்ணாச்சி!" தையல் பிளக்கிற மாதிரி வலிக்க எழுந்தாள். "அதைச் சொல்லிட்டுப் போங்க! கையைக் கழுவுன்னு சொல்லிட்டுப் போங்க!"

வராந்தாவில் செருப்புச் சத்தம் ஓடியது. படியில் இறங்கியது. அப்புறம் கேட்கவில்லை.

"அதான் கடனே தீந்துருச்சேடி" என்றான் மாரிக்கண்ணன், குனிந்து ஆரஞ்சைப் பொறுக்கிக்கொண்டே. "இன்னும் என்ன கத்துற?"

அவள் தலையணையில் சாய்ந்தாள். அவிழ்ந்த கூந்தல் பிள்ளையின் பக்கம் சரிந்தது. பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. நுனி தேய்ந்து, ரேகையில்லாமல், வெள்ளி ஏறிய சின்ன விரல்கள் காற்றில் எதையோ தேடி, அவள் மயிரைக் கண்டுபிடித்தன. மூன்றாகப் பிரித்தன.

இழுத்தன. மடக்கின.

திருகின.