புகை போன பக்கம்

ஆயுத பூஜையன்று தல்லாகுளத்தில் கத்தரிக்கோலுக்குக்கூட விடுமுறை உண்டு. செல்வக்குமாரும் கல்யாண வீடியோக்களை எடிட் செய்யும் தன் கம்ப்யூட்டரை மத்தியானமே அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஈரத்துணியால் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டான். சாயங்காலம் அதன் முன்னால் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்தான். புகை நேராக எழுந்தது, சற்று யோசித்தது, பிறகு வளைந்து கம்ப்யூட்டர் பெட்டிக்குள் போனது.

ஓடுகிற பெட்டி என்றால் போகத்தான் வேண்டும். முன்பக்கத்து விசிறிகள் காற்றை உள்ளே இழுக்கும். நடுவில் பிராசஸர்மேல் உட்கார்ந்திருக்கும் கூலர் அதன் சூட்டையெல்லாம் அந்தக் காற்றின் தலையில் ஏற்றும். பின்பக்கத்து விசிறி அதை வெளியே தள்ளும். காற்று எங்கும் தேங்காமல் போகும்படி, இதே போல ஊதுபத்தி பிடித்துப் பிடித்துத்தான் செல்வக்குமார் அந்தப் பாதையைச் சீர் செய்திருந்தான். ஆனால் இப்போது விசிறி எதுவும் சுற்றவில்லை.

போன புகை வெளியே வந்தது. மறுபடி உள்ளே போனது.

பொரிகடலைத் தட்டோடு மாடியேறி வந்த வீட்டுக்காரர் மகள் பாண்டிச்செல்வி வாசலிலேயே நின்று வேடிக்கை பார்த்தாள்.

"என்னண்ணே, மிஷினு மூச்சு விடுது? லீவுன்னதும் அசந்து தூங்கிருச்சு போல."

ஜன்னல் காற்று என்றான். ஜன்னல் சாத்தியிருந்தது. அவள் கவனிக்கவில்லை.

"பக்கத்து ரூமுக்கும் ஒரு பத்தி பொருத்தி வைங்கண்ணே. பாவம், கடைசியில அந்த சாருக்குத் தலகாணி வச்சது நீங்கதான. அம்புட்டுப் பேரும் அன்னைக்குச் சும்மா வேடிக்க பாத்துக்கிட்டு நின்னாங்க."

தட்டை வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

அந்தத் தலையணை.

சித்திரையில் முகூர்த்தத்துக்குமேல் முகூர்த்தம். பெட்டி இராப்பகலாக ஓடியதில் அறை அடுப்பாகிவிட்டது. செல்வக்குமார் அட்டையை வளைத்து, டேப் ஒட்டி, பெட்டியின் பின்னாலிருந்து ஒரு குழாய் செய்தான். தெருப்பக்கம் கொண்டுபோனால் குழாய் நீளும். நீண்ட குழாயில் காற்று பாதி வழியிலேயே களைத்துவிடும். இடைச்சுவரின் உச்சியில் இருந்த காற்றுத் துவாரமோ பக்கத்திலேயே இருந்தது; குழாயை அதில் செருகிவிட்டான். சுவருக்கு அந்தப் பக்கம் வெங்கட்ரமணன் குடியிருந்தார். கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தனியாள். மூச்சிரைப்பு வேறு.

"ராத்திரியெல்லாம் அனல் அடிக்கறதுப்பா. கொஞ்சம் வேற பக்கம் திருப்பி விடேன்," என்று வந்து கேட்டார்.

"சூடான காத்து மேலயே போயிரும் சார். கீழ படுக்குற உங்களுக்குத் தெரியவே தெரியாது. முகூர்த்தம் முடியட்டும், மாத்திர்றேன்."

கம்ப்யூட்டர்காரன் சொல்கிறானே என்று அவர் நம்பிப் போனார். ஒருநாள் விடிந்தும் அவர் கதவு திறக்கவில்லை. உடைத்தபோது முதலில் நுழைந்தவன் செல்வக்குமார். துவாரத்துக்கு நேர் கீழே ஒரு முக்காலி. அதன் அருகே சுவரில் சாய்ந்தபடி அவர், உயிர் இல்லாமல். துவாரத்தில் ஒரு தலையணை, இரண்டு கைகளாலும் அமுக்கித் திணித்தது. பின்னால் வந்தவர்கள் வாசலைத் தாண்டுவதற்குள் செல்வக்குமார் முக்காலியில் ஏறி அதை இழுத்தெடுத்தான். முகத்தில் அனல் அடித்தது. பெட்டி அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

தலையணையை அவர் தலைக்கு வைத்தான். வந்தவர்கள் பார்த்தது அதை மட்டும்தான். என்ன மனசுப்பா இந்தப் பையனுக்கு, என்றார்கள். அந்த நல்ல பேரில்தான் இதுவரை சாப்பிட்டுத் தூங்கி எழுந்தான். துவாரத்தையும் தன் கையாலேயே சிமெண்ட் வைத்துப் பூசினான்.

இப்போது புகை உள்ளே போவது குறுகியதாக இருந்தது. வெளியே வருவது நீண்டு, நடுவில் தடுக்கி, மெல்லிய விசிலோடு முடிந்தது. அந்த விசிலைச் சித்திரை முழுக்கச் சுவர் வழியாகக் கேட்டிருக்கிறான். சந்தன வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை கிளம்பியது: வேர்வையில் நனைந்து காய்ந்த பஞ்சு.

அறை சுட்டது. ஜன்னல் தாழ் நகரவில்லை. கதவும் அப்படியே. பாண்டிச்செல்வியைக் கூப்பிட வாயைத் திறந்தான். குரலுக்குக் காற்று போதவில்லை.

அண்ணாந்து பார்த்தான்.

பூசிய சிமெண்ட் உள்வாங்கியது. உப்பியது. உள்வாங்கியது.

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினான். கையை வைத்தான். மெத்தென்றிருந்தது. ஈரத் துணி. அதில் இரண்டு கைகள் அமுக்கிய பள்ளம். அவன் கைகள் அதில் சரியாகப் பொருந்தின.

அமுக்கினான். முழு பலத்தோடு.

கீழே புகை உள்ளே போனது. திரும்பி வரவில்லை.

அப்போது, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, யாரோ நிதானமாகத் தலையணையை இழுக்கத் தொடங்கினார்கள்.