பேரவையின் பின்கதவு

இருபத்திரண்டு படி. ரயிலு இரண்டு முறை எண்ணிப் பார்த்தாள். ஒன்றுகூடக் குறையவில்லை.

சக்கர நாற்காலியில் பறப்பதால் வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர். ஒரு காலத்தில் மாநிலத் தலைநகராக இருந்த ஊரைச் சுற்றிக்காட்ட மாமா அவளையும் தம்பியையும் கூட்டி வந்திருந்தார். ஆளுநர் மாளிகை ஆயிற்று, மணிக்கூண்டு ஆயிற்று. ரயிலு வந்ததோ பழைய சட்டப்பேரவைக்காகத்தான். மற்ற பிள்ளைகள் பொம்மைப் படம் பார்க்கும் நேரத்தில் தொலைக்காட்சியில் பேரவை விவாதம் பார்க்கிற ஆள் அவள். பேரவைத் தலைவரின் நாற்காலியை இன்று கண்ணால் பார்த்தே தீருவது என்று இருந்தாள்.

தம்பி குடுகுடுவென்று படியேறி உள்ளே போய்விட்டான்.

"வா, அலாக்காத் தூக்கிட்டுப் போயிடறேன்" என்றார் மாமா.

"வேணாம் மாமா. உங்களுக்கு இடுப்புப் பிடிச்சுக்கிட்டா அப்புறம் உங்களை யார் தூக்கறது? நான் என் சக்கரத்துலதான் போவேன்."

வேறு வழி உண்டா என்று வாசலில் இருந்த காவலாளியிடம் கேட்டாள். பத்து வருடமாக இங்கே இருக்கிறேன், இது ஒன்றுதான் வழி என்று அவர் கையை விரித்துவிட்டார். ரயிலு படிகளை இன்னொரு முறை பார்த்தாள். அழுதால் படி குறையுமா என்ன? கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிவிட்டாள். மாமா பின்னாலேயே ஓடினார்.

பின்பக்கம் உடைந்த பெஞ்சுகளைக் குவித்து வைத்திருந்தார்கள். அவற்றுக்குப் பின்னால் ஒரு பழைய கதவு. கதவு நிலையின் இருபுறமும், முழங்கால் உயரத்தில், மரம் சிராய்த்துக் கிடந்தது. ரயிலு வீட்டில் எல்லா நிலைகளுக்கும் இதே கதிதான். அம்மா அதற்காகத் திட்டாத நாள் கிடையாது.

காவலாளியைக் கையோடு அழைத்து வந்து காட்டினாள்.

"இது சக்கரம் இடிச்ச தடம் அண்ணா. இந்த வழியா ஏதோ வண்டி போயிருக்கு. எனக்குத் தெரியாதா? நானும் இடிக்கிற ஆள்தானே."

காவலாளி தலையைச் சொறிந்தார். அந்தக் காலத்தில் கோப்புக் கட்டுகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோவார்களாம், கேள்விப்பட்டிருக்கிறேன் என்று இழுத்தார். பிறகு போய்ச் சாவிக் கொத்தை எடுத்து வந்தார். மாமாவும் அவரும் பெஞ்சுகளை நகர்த்த, எதை எங்கே போட்டால் வழி பிறக்கும் என்று ரயிலு சொல்லிக்கொண்டே இருந்தாள். பதினோராவது சாவிக்குத்தான் கதவு திறந்தது.

உள்ளே படியே இல்லை. சாய்வான பாதை ஒன்று வளைந்து மேலே போனது. தள்ளிவிட வந்த மாமாவிடம், கூட வந்தால் போதும் என்று சொல்லிவிட்டாள். கை கடுத்தது, மூச்சு வாங்கியது. இரண்டு இடத்தில் நின்று, மறுபடி ஏறினாள். பாதை முடிந்த இடத்தில் ஒரு திரை தொங்கியது. விலக்கினாள்.

கைக்கெட்டும் தூரத்தில் தலைவரின் பெரிய நாற்காலி! அதற்கு எதிரே வரிசை வரிசையாக உறுப்பினர்களின் இருக்கைகள். எல்லாவற்றுக்கும் பின்னால், பார்வையாளர்களைத் தடுக்கக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம், கூட்டத்தோடு கூட்டமாகத் தம்பி எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். ரயிலுவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அக்கா மட்டும் எப்படி உள்ளே போனா? கயித்தைத் தாண்டக் கூடாதுன்னு போட்டிருக்கே" என்று அவன் கத்தினான்.

பின்னாலேயே ஏறி வந்திருந்த காவலாளி கயிற்றைப் பார்த்தார், ரயிலுவைப் பார்த்தார். "அவங்க எங்கே தாண்டினாங்க தம்பி?"

ரயிலு தன் நாற்காலியைத் தலைவரின் நாற்காலிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"கயிற்றுக்குப் பின்னால் நிற்கும் உறுப்பினர் அமைதி காக்கவும்."