போக்கிடம்

சாயங்காலம் விளக்குப் போட்ட கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மெயின் போர்டில் ட்ரிப் சுவிட்ச் ‘டக்’ என்று விழுந்து வீடு இருண்டது. மாப்பிள்ளை சுவரைத் தடவிக்கொண்டே போய்த் தூக்கிவிட்டான். திரும்பி வந்து நாற்காலியில் உட்காருவதற்குள் மறுபடியும் டக். காலையிலிருந்து மழை பிடித்த பிடி விடவில்லை, எங்கேயாவது சுவரில் ஈரம் இறங்கியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்டானே தவிர, பின்பக்கக் கதவை அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கதவுக்கு அப்பால்தான், ஆள் இறங்கி உட்கார்ந்து குளிக்கிற சுடுதண்ணீர்த் தொட்டி, மூடி போட்டு, தார்ப்பாய் கட்டி, கரண்டை நிறுத்தி, அவன் மனைவி அதில் செத்த நாளிலிருந்து அப்படியே கிடந்தது.

தலை நரைத்த பிறகும் ஊரே அவனை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டது. வீட்டோடு வந்த மாப்பிள்ளை. வீடு மனைவியின் பேரில். அந்தச் சொல்லைச் சொல்லும் ஒவ்வொரு வாயோரத்திலும் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருப்பதாக அவனுக்கு எப்போதும் ஒரு எரிச்சல். அவன் கை நீட்டி அடிப்பதையும் நாக்கு நீளுவதையும் வருஷக்கணக்காகப் பொறுத்தவள் ஒருநாள் பொறுக்கவில்லை. “வீட்டைக் காலி பண்ணுங்க. உங்களுக்குப் போக்கிடம் இல்லைன்னா அதுக்கு நான் என்ன பண்றது?” என்றாள். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

தொட்டிக்கு வயர் போட்டவன் அவளுடைய தம்பி. எலக்ட்ரீஷியன். அந்தச் சமயத்தில் ஹீட்டரில் ஏதோ கசிவு வந்து சுவிட்ச் விழுந்துகொண்டே இருந்தது. தம்பி அக்காவை எதிரே உட்காரவைத்துக் குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னான்: “புது ஹீட்டர் போடற வரைக்கும் இதுல இறங்காதக்கா. சுவிட்ச் விழுந்தா அது உன்னைக் காப்பாத்துதுன்னு அர்த்தம். தொல்லையா இருக்குன்னு அதைக் கட்டிப்போட்டு ஓட்டிடக் கூடாது. அப்புறம் இந்தப் பச்சை வயர், எர்த்து. கரண்டுக்கு இதுதான் போக்கிடம். இது இல்லைன்னா அது ஆளைத் தேடும்.”

அவள் தலையாட்டினாள். பக்கத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை காதைத் தீட்டிக்கொண்டான். எதையெல்லாம் செய்யக் கூடாது என்று மச்சினன் சொன்னானோ, அதையெல்லாம் அந்த வாரமே ஒன்று விடாமல் செய்தான் பாவி. பிறகு, “உன் தம்பி வந்து ஹீட்டரை மாத்திட்டுப் போனான், நீதான் வீட்ல இல்ல” என்றான். அவள் இறங்கினாள். “என்னங்க, சுருக்குங்குது” என்றாள். அவன் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், “இரு, பாக்கறேன்” என்றான்.

சுவிட்சில் போட்டிருந்த கட்டை யாரும் வருவதற்குள் அவிழ்த்துவிட்டான். விசாரிக்க வந்தவர்கள் எர்த் சேரவில்லை என்று சொல்லி, பழியை வயர் போட்டவன் தலையில் கட்டிவிட்டுப் போனார்கள். சொந்த அக்காவைக் கொன்றவன் என்ற பேரோடு தம்பி வீட்டுக்குள் முடங்கிப்போனான். மாப்பிள்ளை துக்கம் கேட்க வந்தவர்களிடம், “சின்னப் பையன், அவசரத்துல விட்டுட்டான், மன்னிச்சுட்டேன்” என்று பெருந்தன்மையாகச் சொன்னான்.

இன்றைக்குத்தான் தம்பி போன் செய்தான். “மாமா, நான் முடுக்கின வயர் தானா கழண்டிருக்காது. காலைல வந்து என் கண்ணால ஒரு தடவை பாத்துடறேன்.”

கழன்றிருந்தால் பரவாயில்லை. அது வெட்டின வயர். வெட்டின வாயைத் தொழில் தெரிந்தவன் பார்த்தால் பார்த்த கணமே தெரிந்துவிடும். அந்த முனையைத்தான் மாப்பிள்ளை தொட்டியின் அடித்தட்டுக்குள் எங்கோ திணித்து வைத்திருந்தான். மொத்த வயரையும் உருவி எறிந்துவிட்டால் வெட்டும் இல்லை, வம்பும் இல்லை. டார்ச்சும் ஸ்க்ரூ டிரைவரும் எடுத்துக்கொண்டு பின்பக்கக் கதவைத் திறந்தான்.

மழை விட்டிருந்தது. கூரை ஓரத்திலிருந்து சொட்டும் தண்ணீர், ஊறிய மரப்பலகையின் நாற்றம், தொட்டித் தண்ணீரில் போடும் மருந்தின் காட்டம், அதற்கெல்லாம் அடியில், மூக்குக்கு எட்டியும் எட்டாமலும், அவள் தேய்த்துக் குளிக்கும் சோப்பின் வாசனை. தார்ப்பாய்க்குக் கீழே ‘களக்’ என்று ஒரு சத்தம், உட்கார்ந்திருப்பவர் கால் மாற்றிப் போட்டால் தண்ணீர் எழுப்புமே, அந்தச் சத்தம். வீட்டுக்குள்ளே சுவிட்ச் விழுந்தது. இந்தத் தடவை அவன் தூக்கப் போகவில்லை. யாரும் தூக்காமலே விளக்கு எரிந்தது.

எலியாக இருக்கும் என்று நினைத்தான். எலி சுவிட்சைத் தூக்குமா என்று நினைக்காமல் இருக்கப் பார்த்தான்.

மண்டியிட்டுத் தொட்டியின் பக்கப் பலகையின் திருகாணிகளைக் கழற்றினான். கை வழுக்கியது. பலகை வெதுவெதுப்பாக இருந்தது. இத்தனை நாள் கரண்டே போகாத தொட்டி.

டார்ச் வெளிச்சத்தில் பச்சை வயர் தெரிந்தது. திணித்தபோது அது சுருண்டு கிடந்தது. இப்போது துணி காயப்போடும் கொடிக்கயிறு மாதிரி விறைத்து நின்றது. தொட்டிக்கு அடியில், தளம் பிளந்த இடத்தில், ஈர மண்ணுக்குள் இறங்கியிருந்தது.

அவன் வெட்டியதுதான். மண்ணுக்குள் போக வழியே இல்லை.

பிடித்து இழுத்தான். கொஞ்சம் வந்தது. இன்னும் இழுத்தான்.

அது திருப்பி இழுத்தது.

விட்டுவிட நினைத்தான். விரல்கள் திறக்கவில்லை. கை தானாக மூடி இறுகியது. முழங்கை வரைக்கும் சுருக்கென்று ஏறியது. தோள் வரைக்கும். பல் கிட்டியது.

சுவிட்ச் விழும். விழுந்தே தீரும். சாயங்காலம் முழுக்க விழுந்ததே.

காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான்.

விழவில்லை. வீட்டில் எல்லா அறையிலும் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

தொண்டையிலிருந்து எப்படியோ ஒரு சத்தத்தைப் பிடுங்கினான். அது வார்த்தையாகவில்லை.

“இருங்க, பாக்கறேன்” என்றது குரல். தலைக்கு மேலே, மூடிக்கு அடியிலிருந்து. கோபமே இல்லாத குரல்.

மூடி விரல் அளவுக்கு உயர்ந்தது. ஆவி வந்தது. சோப்பு வாசனை.

“போக்கிடம் இல்லைன்னு அன்னைக்குச் சொல்லிட்டேன்” என்றது அதே குரல். இப்போது அது கீழே இருந்தது, மண்ணுக்குள். “இருக்குங்க.”

டார்ச் உருண்டு பிளவின் பக்கம் திரும்பி நின்றது. மண் மெல்ல விலகியது. தண்ணீரில் ஊறி ஊறி வெளுத்துச் சுருங்கிய விரல்கள் வயரைப் பற்றியிருந்தன. ஒரு கை. அதற்கு முன்னால் இன்னொரு கை. அவசரமே இல்லாமல், வயரைக் கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு, அவை அவன் கையை நோக்கி ஏறி வந்தன.