வியாழக்கிழமை ஒன்பது லிட்டர்

முதலாளியம்மா நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

"ஏழாம் நம்பர் பஸ்ஸுல வாராவாரம் வியாழக்கிழமை ஒன்பது லிட்டர் டீசல் குறையுதுங்க. மீட்டர்ல கிலோமீட்டர் கூடலை. மானிய டீசலை வெளியில விக்கிறோம்னு மானியம் தர்ற ஆபீஸ்ல சந்தேகப்படுறாங்க. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லலைன்னா மானியம் நின்னுடும். அணைக்கட்டு ரூட்டுல மானியத்தை நிறுத்தினதும் பன்னிரண்டு ரூபாயா இருந்த டிக்கெட் முப்பது ஆச்சே, எங்க ஜனங்களுக்கும் அதே கதிதான்."

எதிரே இருந்தவரை எல்லோரும் அளவுகாரர் என்பார்கள். எண்ணெய்க் கிடங்கில் முப்பது வருடம் கம்பி விட்டு டீசல் அளந்தவர். பக்கத்தில் அவர் மனைவியின் தம்பி. வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்துவிட்டது. மச்சான் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார்.

"அணைக்கட்டுல டிக்கெட் ஏறி எத்தனை நாளாச்சு?" என்றார் அளவுகாரர்.

"நாலு மாசம்."

"டீசல் குறைய ஆரம்பிச்சு?"

"மூணு மாசம் இருக்குங்க."

ஷெட்டில் பஸ் நின்றது; பக்கத்தில் மெக்கானிக். வைப்பர் இடுக்கில் சிக்கியிருந்த மஞ்சள் பூக்களை மச்சான் தட்டிவிட்டு, "மெக்கானிக்தான் அத்தான். கையெல்லாம் எண்ணெய், பாத்தீங்களா?" என்று காதைக் கடித்தார்.

"மெக்கானிக் கையில பின்ன சந்தனமா இருக்கும்?" என்றபடி அளவுகாரர் குனிந்து மீட்டர் கேபிளைத் தொட்டுப் பார்த்தார். சுற்றிலும் துரு; கேபிளை மாட்டும் மரை மட்டும் பளபளத்தது.

மெக்கானிக், கண்டக்டர், டிரைவர் மூவரையும் ஷெட்டின் ஓரத்து அறையில் உட்கார வைத்தார்கள். வியாழக்கிழமை தனக்கு லீவு என்றார் மெக்கானிக். மத்தியானம் பஸ் மூன்று மணி நேரம் நிற்கும்போது தான் சாப்பிட வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொன்னார் கண்டக்டர். பஸ்ஸிலேயே தூங்குவேன் என்றார் டிரைவர்.

"சரி. யாரும் வாயைத் திறக்கலைன்னா திங்கட்கிழமை டிக்கெட் ஏறிடும்," என்றார் அளவுகாரர்.

கண்டக்டர் உச்சுக்கொட்டினார். மெக்கானிக் கடிகாரத்தைப் பார்த்தார். டிரைவர் எழுந்து நின்றார்.

"நான்தாங்க."

"யாருக்கு வித்தே?" என்று மச்சான் பாய்ந்தார்.

"அவர் விக்கலை," என்றார் அளவுகாரர். "திருடறவன் கிடைச்ச மட்டும் எடுப்பான். ஒரு வாரம் அஞ்சு, ஒரு வாரம் பதினஞ்சு. வாராவாரம் சரியா ஒன்பதுன்னா அது தூரம். ஒன்பது லிட்டருக்கு இந்த பஸ் நாற்பது கிலோமீட்டர் ஓடும். மீட்டர் கேபிளைக் கழற்றிட்டா கணக்கு ஏறாது. அந்த மரையைப் பாத்தாலே அடிக்கடி கை பட்டது தெரியுது. ஏழாம் நம்பர் போற ரோட்ல ஒரு மரம்கூடக் கிடையாது. நீ தட்டிவிட்ட மஞ்சள் பூவோட மரம் அணைக்கட்டு மில் வாசல்ல இருக்கு. போய் வர நாற்பது. மில்லுக்கு வார விடுமுறை வியாழன். அங்க யாருப்பா?" என்று டிரைவர் பக்கம் திரும்பினார்.

"வீட்டுக்காரிங்க. குவார்ட்டர்ஸ்ல இருக்கா. பன்னிரண்டா இருந்தப்ப வாராவாரம் வந்துடுவா. முப்பது ஆனதும் மாசம் ஒரு தடவை. அப்புறம் அதுவும் இல்ல. ஓய்வு நேரத்துக்குள்ள லைன் பஸ்ல போய்த் திரும்ப முடியாதுங்க."

"போன்ல பேசலாமில்ல?" மச்சானின் குரல் இறங்கியிருந்தது.

"பேசுறோம். போன்ல நல்லாத்தான் சிரிக்கிறா. நேர்ல பாத்தாத்தான் இளைச்சிருக்கிறது தெரியுது." டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல் முதலாளியம்மாவைப் பார்த்தார். "டிக்கெட் ஏறினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்மா. என்னால இன்னொரு குடும்பத்துக்கு அது வர வேண்டாம்."

டிரைவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு எழுதிக்கொடுத்த கடிதத்தால் மானியம் தப்பியது. டிக்கெட் ஏறவில்லை. ஆனால் இனி அவரை வேலையில் வைத்துக்கொண்டால் ஆபீஸில் நம்பமாட்டார்கள் என்று சொல்லும்போது முதலாளியம்மா அழுதேவிட்டார்.

அடுத்த வியாழக்கிழமை காலையில் அணைக்கட்டு பஸ் நிற்கும் இடத்தில் மச்சான் டிரைவரைப் பார்த்தார். இஸ்திரி போட்ட சட்டை. பஸ்ஸுக்குக் காத்து நின்று பழக்கமில்லாதவர், நிமிடத்துக்கு ஒரு முறை சாலையில் இறங்கி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சானுக்கு மனசு கேட்கவில்லை. அருகில் போனார்.

"டிக்கெட்டுக்குக் காசு இருக்கா?"

"போறதுக்கு இருக்குங்க," என்றார் டிரைவர்.