மாடக்குழிக் கரி

அன்று காலை குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்தது.

உலகம்மாள் தொட்டில் கயிற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். அக்காள் இறந்த பிறகு அக்காளின் கணவருக்கே வாழ்க்கைப்பட்டு, இலஞ்சியில் இந்த வீட்டுக்கு அவள் வந்ததிலிருந்து, அக்காளின் குழந்தை அவள் முகத்தைக் கண்டாலே வீறிடும். அவள் கையால் ஒரு வாய் சோறு வாங்காது. விலா தெரிய இளைத்திருந்தது. இப்படியே போனால் பிள்ளை தங்காது என்று தென்காசி டாக்டர் சொல்லியிருந்தார்.

இன்று இரண்டு கைகளையும் நீட்டியது.

தூக்கிக்கொண்டு கண்ணாடி முன் போனாள். அவளுடைய கண்களுக்குக் கீழே கருவளையம். அதன் கீழே தோல் நீர் கோத்து உப்பியிருந்தது.

நன்றாகத்தான் தூங்கியிருந்தாள்.

பி.எஸ்ஸி. படித்தவள். அந்த இடத்துத் தோல் மெல்லியது, உள்ளே ஓடும் ரத்தம் கறுப்பாகத் தெரியும், படுத்திருக்கும்போது நீர் தேங்கும், உப்பு கூடினால் இன்னும் தேங்கும் என்று அவளுக்குத் தெரியும். ஊறுகாயை நிறுத்தினாள். தலையணைமேல் தலையணை வைத்துப் படுத்தாள். அக்காள் சிறுநீரகம் கெட்டு, முகம் வீங்கித்தான் இறந்தாள். அந்தப் பயத்தில் தன் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் விட்டுக் காய்ச்சிப் பார்த்தாள். சிறுநீரகம் கெட்டிருந்தால் கலங்கும்; கலங்கவில்லை.

வளையம் மட்டும் நாளுக்கு நாள் அகன்றது. அது அகல அகலக் குழந்தை அவளிடம் ஒட்டியது. சோறு வாங்கியது.

"பாத்தியா, நான் சொன்னம்லா?" என்றாள் மாமியார் குருவம்மாள். "மை போட்டா பிள்ள ஒட்டும்னு."

கல்யாணத்துக்கு மறுவாரம் அவள்தான் ஒரு சிரட்டையில் மை குழைத்துக் கொடுத்தாள். உலகம்மாள் தினமும் போட்டாள்.

சாரல் பிடித்த ஒரு பிற்பகல். குற்றால மலையை மேகம் மூடியிருந்தது. சாத்திய ஜன்னலுக்கு வெளியே தென்னை ஓலைகள் ஓயாமல் சொட்ட, அறைக்குள் காயாத துணிகளின் புளித்த வாடையும் விளக்கெண்ணெய் வாடையும், அவற்றுக்கு அடியில் அக்காளின் கடைசி நாட்களில் இதே கட்டிலைச் சுற்றி நின்ற மருந்து வாடையும் கலந்திருந்தன. உலகம்மாள் ஈரத் துண்டைக் கண்களின் மேல் போட்டுப் படுத்திருந்தாள். குளிர்ச்சி வீக்கத்தைக் குறைக்கும்.

அக்காளும் இப்படித்தான் படுத்திருப்பாள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இதே துண்டு. கண்ணுக்குக் கீழே இதே வளையம், இதே உப்பல்.

எழுந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, மைக்குக் கரி எங்கன எடுத்திய?"

குருவம்மாள் அடுக்களையிலிருந்து சொன்னாள். "வெளக்கு வைக்கிற மாடக்குழில சுரண்டுனேன். ஒங்க அக்கா தலமாட்டுல."

"எந்த விளக்கு?"

"அவ செத்த எடத்துல பதினாறு நாளும் ஏத்துனோம்லா, அந்த வெளக்குதான். நல்லெண்ணெய்க் கரி. அதக் கீழ கொட்டவா சொல்லுத? ஏளா, படிச்சவளுக்கு டப்பா மைதான் ஆகுமோ?"

உலகம்மாள் கட்டிலை விட்டு இறங்கினாள். துண்டைத் தண்ணீரில் நனைத்து, கண்களில் அழுத்தித் துடைத்தாள். இமை எரிந்தது. மறுபடி துடைத்தாள். கண்ணாடியில் பார்த்தாள்.

வளையம் இல்லை. வீக்கம் இல்லை. அவளுடைய சொந்த முகம்.

மூச்சு வந்தது. துண்டைக் கொடியில் போட்டுவிட்டுத் தொட்டிலுக்குப் போனாள். குழந்தை விழித்து அவளைப் பார்த்தது. வீறிட்டது. பழைய அழுகை. எடுத்து இடுப்பில் வைத்தாள். அது முதுகை வளைத்துத் திமிறியது. அவள் முகத்தைக் கையால் தள்ளியது.

பிறகு அழுகை நின்றது.

அவளை அது பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தது.

சிரித்தது.

உலகம்மாள் திரும்பினாள். கொடியில் துண்டு. அதில் இரண்டு கரிய வளையங்கள், ஒன்றுக்கு ஒன்று சரியாகப் பக்கத்தில். துண்டிலிருந்து ஒரு சொட்டும் விழவில்லை. ஈரமெல்லாம் வளையங்களின் கீழே திரண்டிருந்தது. அங்கே துணி உப்பியிருந்தது.

ஜன்னல் சாத்தியிருந்தது. காற்று இல்லை.

உப்பல் தாழ்ந்தது. எழுந்தது.

"அம்மா," என்றது குழந்தை. இதுவரை அது பேசியதில்லை.

அவள் இறுக்கிப் பிடித்தாள். அது நழுவியது. இரண்டு கைகளையும் நீட்டி, கொடியின் பக்கம் சாய்ந்தது.

துண்டின் கீழ் முனைகள் இரண்டும் மெல்ல எழுந்து குழந்தையை நோக்கி நீண்டன.