நோராவின் வரிமீன்

மரியதாஸ் கதவைத் திறந்து உள்ளே வந்தபோது மீன் அவரைப் பார்க்கவில்லை.

ஆள் வந்தால் போதும், மஞ்சளும் கறுப்புமாய் வரிகள் பளபளக்க ஜாடியின் அந்தப் பக்கத்துக் கண்ணாடியில் மூக்கை உரசி, வாயைத் திறந்து மூடி இறால் துண்டு கேட்கும் ஜீவன் அது. இன்று அவருக்கு வாலைக் காட்டிக்கொண்டு, சுவரோரம் கிடந்த காலி முக்காலியிடம் கேட்டுக்கொண்டிருந்தது.

நோராவின் முக்காலி.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சாந்தோமே காலியாகிவிட்டது. மனைவி பியாட்ரிஸையும் எட்டு வயது நோராவையும் முந்தாநாள்தான் திருச்சி ரயிலில் திணித்துவிட்டு வந்திருந்தார். "மீன் இல்லாம போமாட்டேம்ப்பா" என்று அழுதவளிடம், "நீ போகலைன்னா அதைக் குழம்பு வச்சுடுவேன்" என்று வேடிக்கை பேசித்தான் ஏற்றினார். போய்ச் சேர்ந்ததாகத் தந்தி வரவில்லை.

மரியதாஸ் சரித்திர வாத்தியார். பானிபட் யுத்தங்களை அஞ்சாமல் நடத்துவார். கரப்பான் பூச்சி வந்தால் நாற்காலிமேல் ஏறுவார். பயந்துகொண்டே ஜாடியருகே குனிந்தார். பக்கத்தில் இறால் கிண்ணம் மூடியபடியே இருந்தது. ஆனால் ஜாடித் தண்ணீரில் ஒரு துண்டு, இப்போதுதான் போட்டதுபோல், மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

இன்னொரு சாவி அடுத்த வீட்டு ஸ்ரீரங்கனிடம். மதிலோரம் ஓடினார்.

"சாமி, உள்ளே வந்து மீனுக்குத் தீனி போட்டீங்களா?"

"நானா? எறாவையா? ஓய் வாத்தியாரே, ஊர்ல மிச்சமிருக்கற ஒரே ஐயங்காரையும் சாதியைவிட்டுத் தள்ளப் பாக்கறீரா?" சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். "அதான் குழந்தை இருக்காளே. மத்தியானம் பூரா மீனோட பேசிண்டிருந்தா. திரும்பி வந்துட்டாளோன்னோ?"

வந்துவிட்டாளா! செருப்போடு உள்ளே ஓடினார்.

"நோரா? பியாட்ரிஸ்?"

விளக்கு வெளியே தெரியாமலிருக்க ஜன்னல்களில் ஒட்டிய கறுப்புக் காகிதம் சாயங்கால வெளிச்சத்தைக் குடித்துவிட்டிருந்தது. கடல்நீர் வாடை. அதற்கும் மேலாக, மூக்கை அரிக்கும் ரயில் கரிப்புகை வாடை. மூட்டை இல்லை. செருப்பு இல்லை. யாரும் இல்லை.

"நோரா, ஒளிஞ்சுக்கிட்டு விளையாடாதடி. அப்பாவுக்குப் பயமா இருக்கு."

மீன் முக்காலியை விட்டுத் திரும்பியது.

யாரோ நடக்க, கூடவே வருவதுபோல் கண்ணாடியை ஒட்டியே வளைந்து வந்தது. காலடிச் சத்தம் இல்லை. இன்னும் கொஞ்சம். கரிவாடை நெருங்கியது.

அவருக்கு நேரே வந்து நின்றது.

பார்த்தது அவரை இல்லை. அவர் இடுப்புக்குப் பக்கத்தில். நோராவின் முகம் வரும் உயரத்தில்.

வாயைத் திறந்தது. மூடியது. திறந்தது.

இறால் கிண்ணத்தின் மூடி மெதுவாக நகர்ந்தது.