வேங்கைப் பாலின் பங்காளிகள்

சென்றாயனுக்கு இடுப்புக்குக் கீழே நேற்றைய கிளை இன்னும் வலித்துக்கொண்டிருந்தது. அடுப்புக்காக ஒடித்த ஒற்றை வேங்கைக் கிளை. தனியாக ஒடித்தான், தனியாகப் பட்டான். தொடை எலும்பில் உளி வைத்து அடித்த மாதிரி இருந்தது. விடிந்ததும் நொண்டிக்கொண்டே கோடாலியைத் தூக்கிக்கொண்டு, கம்பெனி மரம் வெட்டுகிற கூப்புக்கு வந்துவிட்டான். கூப்பில் முழு மரத்தையே சாய்த்தாலும் வலிக்காது.

வலிப்பங்கு உடன்படிக்கையில் உலகம் கையெழுத்துப் போட்டுப் பதினான்கு வருஷம் ஆகிறது. காடு முழுக்க மண்ணுக்கடியில் வேர்க்காது பதித்திருந்தார்கள். மரம் வெட்டுப்படும்போது வேரில் ஓடுகிற அதிர்ச்சியை அது அளந்து வைக்கும். மனிதர்களின் பிடரியில் கடுகளவு வலிவிதை. வெட்டின மரத்தின் பால் தோலில் பட்டாலோ வயிற்றுக்குள் போனாலோ விதை குறித்துக்கொள்ளும். பிறகு கழுவினாலும் போகாது. ஒரு கூப்பில் ஒரு நாள் விழுந்த மரங்களின் மொத்த வலியும் சாயங்காலம் ஆறு மணிக்குப் பங்காளிகள் அத்தனை பேருக்கும் சமமாகப் பிரியும். வெட்டுகிறவனைப் போலவே வாங்குகிற நாட்டுக்காரனும் பாலைத் தொட்டாக வேண்டும். எழுதியது அப்படித்தான்.

நடந்தது வேறு. வாங்குகிறவன் தொட வேண்டிய பாலைக் கம்பெனி லாரியில் பிடித்துக் கீழே நகரத்துக் குடிநீரில் ஊற்றியது. இதற்குக் கரைப்பு என்று பெயர். தொண்ணூறு லட்சம் பேர் தண்ணீர் குடித்தார்கள். ஆறு மணிக்கு ஆளுக்கு ஓர் எறும்புக் கடி, வெட்டினவனுக்கும் அவ்வளவுதான். சொறிந்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். மலை ஒவ்வொரு சரிவாக மொட்டையானது.

அன்று மூன்று மணிக்குள் முப்பத்தாறு வேங்கை விழுந்திருந்தது. சென்றாயனையும் சேர்த்து வெட்டியவர்கள் பன்னிரண்டு பேர். முதல் வெட்டில் வடிகிற சிவப்புப் பாலைத் தொட்டு எல்லோரும் நெற்றியில் பொட்டு வைத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். மரத்தைக் கொன்ற பாவம் ஒருத்தன் தலையில் விழக்கூடாது. கோடாலிக்காரர்களுக்குக் கஞ்சி கொண்டுவருகிறவளும் பங்காளி. சென்றாயன் பெண்டாட்டி பவுனு அன்று கஞ்சி கொண்டுவந்தாள். ஏழு மாசம். அவள் நெற்றியிலும் வேங்கைப் பொட்டு இருந்தது.

"மேஸ்திரி, பால் லாரி எங்க? மணி மூணாச்சு" என்றான் சென்றாயன்.

மேஸ்திரி கோதண்டம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். "இன்னிக்கு லாரி இல்லப்பா. கீழ மண்டபத்துல உடன்படிக்கைக்காரங்க மாநாடு. குடிதண்ணிய சோதிச்சாங்கன்னா கம்பெனி மாட்டிக்கும். புடிச்ச பாலைப் பூரா பள்ளத்துல கொட்டச் சொல்லிட்டாங்க."

"எப்ப சொன்னாங்க?"

"காலையில."

"காலையில தெரிஞ்சே எங்கள வெட்ட வுட்டியா?"

"லோடு போவணுமில்ல? ஒரு நாள் பல்லைக் கடிச்சிக்குங்க."

தீர்த்தகிரி விரல் விட்டு எண்ணினான். சென்றாயனோடு சின்ன வயசிலிருந்து மரம் வெட்டுகிறவன். "முப்பத்தாறு மரம். பதிமூணு பேரு. ஆளுக்கு ரெண்டே முக்கா மரம்ணா."  ஒரு முழு மரத்தை மனுஷன் தாங்குவான், நாலு நாள் மூத்திரத்தில் ரத்தம் போகும். இரண்டு மரம் தாங்கினவன் கிடையாது. "அண்ணி வவுத்துல புள்ள இருக்குது."

சென்றாயன் கோடாலியைத் திருப்பிப் பிடித்தான். அதன் பின்புறம் கோதண்டத்தின் முழங்கையில் இறங்கியது. எலும்பு உடைந்த சத்தம் காய்ந்த சுள்ளி ஒடிவது போலக் கேட்டது. கோதண்டம் மண்ணில் உருண்டு அலறினான்.

"கொல்லாதணா" என்றான் தீர்த்தகிரி. "கொன்னா நமக்கு இன்னா லாபம்?" அவன் வெட்டின அடிமரத்தில் வழிந்த பாலைக் கை நிறைய வழித்துக் கோதண்டத்தின் முகத்தில் பூசினான். "வா பங்காளி. இப்பச் சொல்லு, ஆறு மணிக்குள்ள இன்னா பண்ணலாம்?"

கோதண்டத்துக்கு அலறல் நின்றுவிட்டது. பிடரியைத் தடவிப் பார்த்தான். வலியோடு மூளையும் வேலை செய்தது.

"மண்டபம்" என்றான். "வரவேற்புக்கு மலையாளுங்களைக் கூட்டியாரச் சொல்லி எங்கிட்டதான் சீட்டுக் குடுத்திருக்காங்க. மேளம் அடிக்கணும், சந்தனம் குடுக்கணும். வந்திருக்கற விருந்தாளிங்க நூத்தி முப்பது பேரு."

பவுனு கஞ்சிப் பானையைக் கவிழ்த்துக் காலி செய்தாள். "பாலை இதுல புடிங்க" என்றாள்.

"நீ வராத. வழியில வலி எடுத்துக்கும்" என்றான் சென்றாயன்.

"நான் வந்தாதான் மாமா, அவனுங்க நெத்திய நீட்டுவானுங்க. உன் மூஞ்சிய பாத்தா எவன் நீட்டுவான்?"

மர லாரியில் மலை இறங்க ஒன்றரை மணி நேரம். ஒவ்வொரு வளைவிலும் பவுனு வயிற்றை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டாள். உடைந்த கையை மடியில் போட்டுக்கொண்டு முன்சீட்டில் இருந்த கோதண்டம், "சீக்கிரம் ஓட்டுடா" என்று டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தான்.

மண்டப வாசலில் சீட்டைக் காட்டியதும் விட்டுவிட்டார்கள். உள்ளே குளிரூட்டி ஓடியது. வரிசையாக உட்கார்ந்திருந்த பல நாட்டுப் பிரதிநிதிகள்தான் உலகத்துக்கு முன்மாதிரியாக முதன்முதலில் பிடரியில் வலிவிதை விதைத்துக்கொண்டவர்கள். தீர்த்தகிரியும் ஆட்களும் மேளம் அடிக்க, பவுனு பால் ஊற்றிய பித்தளைத் தட்டோடு வரிசை வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு போனாள். பெரிய வயிற்றோடு வருகிற மலைப்பெண்ணைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். குனிந்தார்கள். படம் எடுத்துக்கொண்டார்கள்.

முன்வரிசையில் ஒரு வெள்ளைக்கார அம்மாள். அவள் நாடுதான் மலை வேங்கையில் பாதியை வாங்குகிறது. காதிலிருந்த மொழிமாற்றியைத் தட்டிக்கொண்டு கேட்டாள்: "இந்தச் சிவப்பு என்னது?"

"வேங்கை ரத்தம்மா. வெட்டின மரத்துல ஊறுறது. பாவத்தை எல்லாரும் பங்கு போட்டுக்கணும்னு வெச்சிக்குவோம்."

"எவ்வளவு ஆழமான மரபு!" என்றாள் அம்மாள். பக்கத்து ஆளின் தலையையும் பிடித்துக் குனிய வைத்தாள்.

கடைசி நெற்றிக்குப் பொட்டு வைத்தபோது ஆறு மணிக்கு நான்கு நிமிஷம் இருந்தது. சென்றாயன் அவளைத் தூண் ஓரமாக உட்கார வைத்துத் தன் துண்டைச் சுருட்டி அவள் பல்லுக்கிடையில் கொடுத்தான்.

முப்பத்தாறு மரம், நூற்று நாற்பத்து நான்கு பேர். ஆளுக்குக் கால் மரம்.

மேடையில் 'பொதுவான பொறுப்பு' என்று பேசிக்கொண்டிருந்தவர் வார்த்தைக்கு நடுவில் நாக்கைக் கடித்தார். ஒலிவாங்கியில் ரத்தம் தெறித்தது. நாற்காலிகள் வரிசையாகச் சாய்ந்தன. ஒருவர் தன் முட்டியை மேசைக் காலில் திரும்பத் திரும்ப மோதினார், அந்த வலியால் இந்த வலியை மறைக்கலாம் என்பதுபோல. கோட்டுப் போட்டவர்கள் கோட்டிலேயே கழிந்தார்கள். வெள்ளைக்கார அம்மாள் தரையில் சுருண்டு, விரல் நகம் பெயரும்வரை கம்பளத்தைப் பிறாண்டினாள். கால் மரத்துக்கே இப்படி. சென்றாயன் ஆட்கள் குத்துக்காலிட்டு, தலையை முழங்காலுக்குள் செருகிச் சத்தமில்லாமல் பட்டார்கள். பழக்கம்.

ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. பவுனு துண்டைத் துப்பினாள். அது பாதி கிழிந்திருந்தது. வயிற்றில் கை வைத்து அழுத்திப் பார்த்தாள்.

"உதைக்குது மாமா" என்றாள்.

அப்போதுதான் காவல்காரர்கள் சுட்டார்கள். விஷம் வைத்துவிட்டார்கள் என்று யாரோ கத்தியிருந்தார்கள். பவுனுவுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்ற தீர்த்தகிரிக்குக் கழுத்தில் ஒன்று, மார்பில் ஒன்று. விழுந்தபோது மேளம் இன்னும் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. மற்றவர்களைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்து வேனில் ஏற்றினார்கள்.

எழுதினபடி வாங்குகிறவனும் வலியைத் தாங்கத்தான் வேண்டுமா என்று பதினான்கு வருஷமாக அந்த உடன்படிக்கைச் சபை விவாதித்துக்கொண்டிருந்தது. அன்றிரவு ஒரே மணி நேரத்தில் விவாதம் முடிந்தது. கட்டுப்போட்ட தலைகளோடு எல்லா நாடுகளும் ஒருமனதாகக் கை தூக்கின. இனிமேல் வலி கோடாலி பிடித்தவனுக்கு மட்டும். வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் பங்கு கிடையாது. கரைப்பு கூடத் தேவையில்லை. வெட்டுகிறவன் செத்துப்போகக்கூடாது என்பதால், மனிதாபிமான அடிப்படையில், வலியைத் தவணையாகக் கொடுக்கலாம். சட்டம் அன்று காலையிலிருந்தே செல்லும்.

மூன்றாம் நாள் ஓர் அதிகாரி சிறைக்கு வந்தார். கூடவே, கையில் மாவுக்கட்டோடு கோதண்டம்.

"நூற்று முப்பது விருந்தினர்களும் மேஸ்திரியும் அனுபவித்த வலி தவறாகப் போய்ச் சேர்ந்தது" என்று அதிகாரி படித்தார். "அதை உரியவர்கள் மறுபடி ஏற்க வேண்டும். தீர்த்தகிரி இறந்துவிட்டதால் அவர் பங்கு மற்றவர்களுக்குப் பிரிக்கப்பட்டது. தாக்குதலில் கலந்துகொண்டதால் பவுனுவுக்கும் பங்கு உண்டு; ஆளுக்கு இரண்டே முக்கால் மரம். பிரசவம்வரை தள்ளிவைக்கலாம்."

"அவ பங்கையும் என் பேர்ல எழுதுங்க" என்றான் சென்றாயன்.

"சட்டத்தில் இடம் இருக்கிறது" என்று அதிகாரி மைப்பெட்டியைத் திறந்தார்.

"ஜாமீனுக்குக் கம்பெனி சொல்லிடுச்சி" என்றான் கோதண்டம். "தவணையிலதான வலிக்கும்? தெற்குச் சரிவு இன்னும் வெட்டாம கெடக்குது. ஒன்பது மணிக்கு லாரி வரும். வந்துடு."

சென்றாயன் கட்டை விரலை மையில் தோய்த்து வைத்தான். அதிகாரி, கைநாட்டுக் கோட்டுக்கு மேலே எழுதியிருந்ததை அவனுக்குக் கேட்கும்படி ஒருமுறை படித்தார்.

"சென்றாயன். இன்னும் பட வேண்டிய பாக்கி: ஐந்தரை மரம்."